ஆபிஸ் சுவரோரம் பதினாறு சோடிக் கால்கள்

வேலாயி தலைகீழாக நின்று விழுந்த சத்தம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான அந்த லயத்தின் எட்டுக் காம்பராவுக்கும் கேட்டது. பாத்திரத் தட்டும் அவளோடு சேர்ந்து சரிந்ததால், பக்கத்துக் காம்பரா இருதயம்மா கூரைதான் விழுந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கூரை இருந்த இடத்தில்தான் இருந்தது. வேலாயிதான் சுவரோரம் மடங்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"என்னாடி ஆச்சு?"

"தலைகீழா நின்னேன்."

"எதுக்கு?"

"காலு வீக்கம் வத்தும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"போனுல ஒரு பொம்பள."

இருதயம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததில் வாசலில் கூடி நின்றவர்களும் சிரித்தார்கள். வேலாயிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது வலியாலா, அவமானத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பசறைக்கு மேலே, எல்லர்மலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருபத்தேழு வருடமாகக் கொழுந்து எடுப்பவள் வேலாயி. நாற்பத்தாறு வயது. காலையில் பேர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது சரியாக இருக்கும் கால்கள், மாலையில் லயத்துக்குத் திரும்பும்போது அவளுடையவை மாதிரியே இருக்காது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவும் மற்ற இடமெல்லாம் மேடாகவும் இருக்கும். கெண்டைக்காலில் நரம்புகள் முறுக்கிக்கொண்டு நீலமாகத் தெரியும். தோட்டத்து மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரைக்கு வீக்கம் அசையவில்லை. மகள் கொழும்பில் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய போனில், ஒரு பெண் கூந்தலை முடிந்துகொண்டு அலுங்காமல் தலைகீழாக நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. இவ்வளவு பெரிய மலையில் நிற்கத் தெரிந்தவளுக்கு இந்தச் சின்னத் தரையில் நிற்கத் தெரியாதா?

மறுநாள் காலை புருஷன் சின்னராசா அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். வழி முழுக்கத் திட்டவும் செய்தான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் பிடித்திருக்கிறது என்று சொல்லி, மாடியில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் ஸல்மாவிடம் அனுப்பினார்.

ஸல்மாவுக்கு இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. அவள் வேலாயியின் கழுத்தைப் பின்னாலிருந்து மெல்ல அழுத்தினாள். பிறகு விரல்கள் மேலே போய் உச்சந்தலையில் நின்றன.

"இது என்னம்மா, பள்ளம் மாதிரி?"

"கூடைக் கயிறு மிஸ். தலையில மாட்டித்தானே சொமக்குறோம்."

"எவ்வளவு காலமா?"

"இருபத்தேழு வருசம்."

ஸல்மா கையை எடுத்தாள். பிறகு சுற்றிவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கழுத்து ஏற்கனவே போதும் போதும்னு சொமந்திருக்கு. இதுக்கு மேல உங்க முழு ஒடம்பையும் வைக்கப் போனீங்களே, அம்மா! தலையில நிக்கிறது உங்களுக்குச் சரிவராது. இன்னைக்கும் சரிவராது, ஒரு வருசம் கழிச்சும் சரிவராது."

"அப்ப காலு?"

அந்தக் கேள்வியை வேலாயி கெஞ்சலாகக் கேட்கவில்லை. பதில் வாங்காமல் போக மாட்டேன் என்பது போலக் கேட்டாள். ஸல்மா சிரித்துவிட்டாள். இரண்டு கால்களையும் அளந்து பார்த்தாள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து வலித்ததுண்டா, மூச்சு வாங்குமா என்றெல்லாம் துருவிக் கேட்டாள். அப்படி வந்தால் வீட்டில் எதுவும் செய்துகொண்டிருக்காமல் ஓடிவர வேண்டும் என்றாள். பிரசர் பார்த்தாள். பிறகு தரையில் ஒரு பாயை விரித்தாள்.

"கால மேல தூக்க, தலையில நிக்கணும்னு இல்ல. செவுரு இருக்கே."

சுவருக்குப் பக்கவாட்டில் ஒட்டி உட்காரச் சொன்னாள். அப்படியே மல்லாக்கத் திரும்பி, இடுப்புக்குக் கீழே மடித்த கம்பளியோடு கால் இரண்டையும் சுவரில் சாய்க்கச் சொன்னாள். முதுகு முழுக்கத் தரையில். கழுத்தில் பாரமே இல்லை. வேலாயி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலிலிருந்து ஏதோ கீழ்நோக்கி இறங்கி வருவது போல் இருந்தது.

"அஞ்சு நிமிசத்துல ஆரம்பிங்க. போகப் போகப் பத்து. சாப்பிட்ட ஒடனே வேணாம். கால் மரத்தா, தலை கனத்தா எறக்கிருங்க. எறங்குறதுதான் முக்கியம்மா. சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும். முழங்கால மடக்கி, வலப்பக்கம் ஒருக்களிச்சு, கொஞ்சம் கெடந்துட்டு, கைய ஊணி எந்திரிங்க. நரம்பு சுருண்டது நேராகாது, அதை நான் சொல்ல மாட்டேன். ஆனா வீக்கம் வத்தும், ஒடம்பு ஆறும், தூக்கம் வரும்."

லயத்தில் அவளுக்கு ஒரு சுவர்தான் கிடைத்தது. மற்ற மூன்றில் கட்டில், அடுப்படி, கதவு. அந்த ஒரு சுவரிலும் துணி அலமாரி நின்றது. அதைத் தனியாளாக இழுத்து நகர்த்தினாள். மகளுடைய பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, மாலையில் தேத்தண்ணி குடிக்கும் முன்னால் காலைத் தூக்கிக் கிடந்தாள். மூன்றாம் நாளே அவளுக்கு 'வௌவால்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால், "வௌவாலு வருது, வழிவிடுங்க" என்றார்கள்.

சின்னராசாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊரே சிரிக்குது. பொம்பள காலத் தூக்கிக்கிட்டுக் கெடக்குறது நல்லாவா இருக்கு?"

"சிரிக்கிறவன் காலா வீங்குது? என் காலு. நான் தூக்குறேன்."

"வெளிய போறப்ப என்னையத்தான் கேக்குறானுங்க."

"என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

அவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டான். அவள் சுவரில் இருந்த காலை இறக்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் செருப்பு வார் பள்ளம் மறைந்தது. படுத்தால் கால் குடைச்சலில் புரண்டு கிடந்தவள், படுத்த இடத்தில் தூங்கிப்போனாள். மூன்றாவது மாதம், கழுத்து நன்றாகத் தேறியிருந்ததைச் சோதித்துப் பார்த்த பிறகு, ஸல்மா அவளுக்குத் தோளில் நிற்கப் பழக்கினாள். அதுவும் பாதிதான், இடுப்பைக் கையில் தாங்கி, காலைச் சரிவாக வைத்து. மூன்று கம்பளிகளை அடுக்கி அதன்மேல் தோள், விளிம்புக்கு வெளியே தரையில் தலை. பாரமெல்லாம் தோளிலும் மேல்கையிலும்தான் இருக்க வேண்டும். கழுத்துக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மேலே இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பக்கூடாது. "வீட்டுல தனியா இருக்கிறப்ப இது வேணாம். செவுத்துல கால் போடுறது போதும்" என்றும் சொல்லியனுப்பினாள்.

லயத்தில் முதலில் கேட்டு வந்தது இருதயம்மாதான். சிரித்தவளும் அவள்தான்.

"எனக்கும் சொல்லிக் குடு."

"பிரசர் பாத்தியா?"

"அது கெடக்குது."

"பாத்துட்டு வா."

பார்த்ததில் எகிறியிருந்தது. இடுப்பை உயர்த்தும் எதையும் வேலாயி அவளுக்குத் தரவில்லை. நாற்காலியில் கெண்டைக்காலை மட்டும் வைத்துப் படுக்கச் சொன்னாள். அதையும் தோட்டத்து மருந்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். "பெரிய டாக்டரம்மா ஆயிட்ட" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இருதயம்மா, நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தானே வந்தாள்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். காம்பராவில் இடம் எங்கே? வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் நிரஞ்சலா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இல்லாதபோது அதைத் திறந்துவிட்டாள். வழவழப்பான நீளச் சுவர். பதினாறு பேர் சேர்ந்தார்கள். ஒரு மணிநேரம் அங்கே யாரும் யாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டியதில்லை. கால் மேலே இருக்கும்போது ஒருத்தியும் பேசமாட்டாள். கீழே இறங்கியதும் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள்.

ஐந்தாவது ஞாயிறு பிள்ளைக்காம்பராவில் புதுப் பூட்டுத் தொங்கியது.

வேலாயி நேரே ஆபிசுக்குப் போனாள். தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்தொரை நாற்காலியில் இருந்து எழும்பவில்லை.

"தலைகீழா நின்னு யாராவது விழுந்து செத்தா யார் பொறுப்பு, வேலாயி? ஏற்கனவே நீ ஒருதரம் விழுந்தவ."

"நாங்க தலைகீழா நிக்கலீங்க தொரை. செவுத்துல காலப் போடுறோம். தோளுல நிக்கிறதும் பிரசர் பாத்தவங்கதான், ஆளு பக்கத்துல நிக்கிறப்பதான் செய்யுறாங்க."

"எதுவா இருந்தாலும் தோட்டத்துக் கட்டடத்துல வேணாம்."

"மழையில மலையில வழுக்கி விழுறோமே, அதுக்கு யாருங்க பொறுப்பு?"

அவர் பைலைத் திருப்பினார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை, காலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், அந்தப் பதினாறு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆபிஸ் முற்றத்துக்கு வரச் சொன்னார் கங்காணி. அங்கே ஒரு வேன் நின்றது. கொழும்பிலிருந்து விளம்பரப் படம் எடுக்க வந்திருந்த அஜந்தன் என்ற இளைஞன், கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தான். படம் பிடிப்பார்கள் என்பதற்காக ஆபிசுக்கு முந்தின நாள்தான் வெள்ளை அடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை.

"அம்மாமாரே, நீங்க யோகா செய்யுறதாக் கேள்விப்பட்டேன். ரொம்பப் பெரிய விசயம்" என்றான் அஜந்தன். "அந்தத் தேயிலைக்கு முன்னால வரிசையா எல்லாரும் தலைகீழா நிக்கணும். பக்கத்துல கூடை. பின்னால மலை. வெளிநாட்டுல பாக்குறவங்க அசந்துருவாங்க."

பெண்கள் வேலாயியைப் பார்த்தார்கள்.

"நாங்க தலையில நிக்கிறதில்லங்க" என்றாள் அவள்.

"ஒரு பத்து செக்கன்தான் அம்மா. ஆள் வச்சுப் பிடிக்கச் சொல்றேன்."

"பத்து செக்கன்ல கழுத்து போயிரும். செவுத்துல காலு போடுறோம், அதை வேணும்னா எடுத்துக்கங்க."

அஜந்தனுக்கு முகம் சுருங்கியது. "அது படத்துல நல்லா இருக்காது. வேலை நேரத்துல படுத்துக் கெடக்குற மாதிரி இருக்கும்."

சின்னத்தொரை முன்னால் வந்தார். "சொன்னதச் செய்யுங்க. பெரிய தொரை இப்ப வருவாரு. செய்யாதவங்களுக்குத் திங்கக்கிழமையிலருந்து பன்னெண்டாம் நம்பர் மலைதான்."

பன்னிரண்டாம் நம்பர் மலை செங்குத்து. போய்ச் சேரவே முக்கால் மணிநேரம். அட்டைக்கடி வேறு. அதைக் கேட்டதும் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. எல்லாரிலும் இளையவள் தயானி, இருபத்துமூன்று வயது. கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போனாள். புல்லில் முட்டி போட்டு, கையை ஊன்றி, தலையைக் கீழே கொண்டுபோனாள். அஜந்தன் கேமராவைத் தூக்கினான்.

வேலாயி விறுவிறுவென்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தயானியின் உச்சந்தலைக்கும் தரைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"கைய எடுங்கக்கா. எனக்குக் கழுத்து வலியே இல்ல."

"எனக்குந்தான் இல்ல, விழுகுற வரைக்கும்."

"நான் நின்னுருவேன்க்கா."

"நிப்ப. எறங்கத் தெரியுமா?"

தயானி தலையைத் தூக்கவில்லை. அவளுடைய தலையின் பாரம் வேலாயியின் கையில் அழுத்தியபடி இருந்தது. கயிறு பதிந்த இடத்தில் முடி கொட்டி வழவழவென்றிருந்தது. இந்த வயதிலேயா என்று வேலாயிக்குக் கோபம் வந்தது. 

"என்ன நாடகம் இது?" என்றார் சின்னத்தொரை.

வேலாயி கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். "இந்தத் தலை ஒங்க கொழுந்தச் சொமக்குது தொரை. ஒங்க படத்தையும் சொமக்காது."

தயானி மெல்லத் தலையைத் தூக்கினாள். முகம் கறுத்திருந்தது. எழுந்து போய் மற்றவர்களோடு நின்றுகொண்டாள்.

வேலாயி இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தாள். கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமல் கட்டுகிற அந்தத் தடித்த துணியை ஆபிஸ் சுவரோரம் விரித்தாள். அதன் மேல் உட்கார்ந்து, மல்லாக்கத் திரும்பி, சேறு அப்பிய இரண்டு கால்களையும் புது வெள்ளையில் பதித்தாள்.

ஒரு நிமிடம் அவள் மட்டும்தான் அப்படிக் கிடந்தாள். அந்த நிமிடம் அவளுக்கு மிக நீளமாக இருந்தது.  யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள். வராவிட்டாலும் பத்து நிமிடம் கிடந்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று முடிவு செய்தாள்.

பக்கத்தில் படங்கு விரியும் சத்தம் கேட்டது. தயானி. அதற்கப்பால் இன்னொருத்தி. பிறகு வரிசையாகக் கால்கள் ஏறின. இருதயம்மா மட்டும் நேரே ஆபிசுக்குள் போய், கிளார்க்கின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன்மேல் கெண்டைக்காலைப் போட்டு, சுவரோரம் தானும் ஒரு ஆளாகப் படுத்தாள். "எனக்குப் பிரசருங்க" என்று கிளார்க்கிடம் படுத்தபடியே விளக்கம் சொன்னாள்.

தோட்டத்து மேலாளரான பெரிய தொரையின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கிச் சுவரைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். சின்னத்தொரை ஏதோ அவசரமாகச் சொன்னார்.

"எல்லாரும் எழும்புங்க" என்றார் பெரிய தொரை.

யாரும் அசையவில்லை.

"வேலாயி! எழும்பச் சொல்லு."

 இருபத்தேழு வருடத்தில் அவள் இந்த ஆபிஸ் முற்றத்தில் குனிந்துதான் நின்றிருக்கிறாள். இப்போது நிற்கக்கூட இல்லை. படுத்துக்கிடந்தாள். ஆனாலும் குரல் நடுங்காமல் வந்தது.

"இன்னும் நாலு நிமிசம் இருக்குங்க தொரை. சட்டுனு எறங்கக்கூடாது. தலை சுத்தி யாராவது விழுந்தா, பொறுப்பு யாருன்னு அப்புறம் கேப்பீங்க."

கங்காணி வாயைக் கையால் மூடிக்கொண்டார். பெரிய தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதற்காகப் பார்த்தாரோ, பார்த்ததனால் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. நாலு நிமிடம் கழிந்தது.

"முழங்கால மடக்குங்க" என்றாள் வேலாயி. பதினாறு பேரும் மடக்கினார்கள். "வலது பக்கம் திரும்புங்க. அப்படியே கெடங்க. மூச்ச விடுங்க. அவசரம் இல்ல." பிறகு, "கைய ஊணி எந்திரிங்க."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். பின்னால் சுவரில், வெள்ளையில், வரிசையாகச் சிவப்பு மண் பாதங்கள். வேலாயி படங்கை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க தொரை."

அவர் சொல்ல வந்ததை மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா தெரியவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அஜந்தன் கேமராவை இறக்கினான். அத்தனை நேரமும் அதை அவன் அணைக்கவே இல்லை என்பதை வேலாயி அப்போதுதான் கவனித்தாள்.

திங்கட்கிழமை பெரட்டில் பதினாறு பேருக்கும் பன்னிரண்டாம் நம்பர் மலை வாசிக்கப்பட்டது. முகம் சுளிக்காமல் போனார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், மலையுச்சியில் இருந்த பாறையில் காலைச் சாய்த்துக் கிடந்தார்கள். இரண்டாம் நாள் தயானிக்குக் காலெல்லாம் அட்டை. "எல்லாம் ஒங்களால" என்று வேலாயியிடம் சீறினாள். வேலாயி உட்கார்ந்து, உப்பு வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மறுநாளும் தயானி அவள் பக்கத்து நிரையில்தான் நின்றாள்.

கீழே ரோட்டோர மலைகளில் கொழுந்து முற்றத் தொடங்கியது. தோட்டத்திலேயே கை வேகமானவர்கள் இந்தப் பதினாறு பேர்தான். எட்டாம் நாள் கங்காணியே ஆபிசுக்குப் போய்ச் சண்டை போட்டார். பதினோராம் நாள் வேலாயிக்கு ஆபிசிலிருந்து ஆள் வந்தது.

பெரிய தொரை மேசைமேல் ஒரு சாவி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கடிதம்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிநேரம் பிள்ளைக்காம்பரா உங்களுக்கு. ஏதாவது நடந்தா தோட்டத்துக்குப் பொறுப்பில்லைன்னு இதுல கையெழுத்துப் போடு."

வேலாயி கடிதத்தை எழுத்துக்கூட்டி இரண்டு முறை வாசித்தாள். கிளார்க் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இன்னும் ஒரு வரி எழுதணுங்க."

"என்ன வரி?"

"எங்களக் கேக்காம எங்க படத்த எங்கயும் போடக்கூடாது. அன்னைக்கி அந்தத் தம்பி எடுத்ததும் சேத்து."

பெரிய தொரை சாய்ந்து உட்கார்ந்தார். "நீ நிபந்தனை போடுறியா?"

"நீங்களும்தானே போடுறீங்க தொரை."

 கிளார்க் பேனாவோடு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் பெரிய தொரை கையை அசைத்தார். கிளார்க் எழுதினார். தொரை அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலாயி தன் பேரை எழுதினாள். கடைசி எழுத்தின் சுழியைப் போட்டு முடித்த பிறகு, ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு இருபத்துநாலு பேர் வந்தார்கள். புதிதாக வந்த எட்டுப் பேரில் ஒருத்திகூடப் பிரசர் பார்த்திருக்கவில்லை. அவர்களை வேலாயி வாசலிலேயே நிறுத்தினாள்.

"பாத்துட்டு வாங்க. செவுரு எங்கயும் ஓடிராது."